முப்பிடாதியின் நான்காம் அத்தியாயம்

மார்ச் 3, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்தப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் துறையில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டேன். இனி நடப்பதைத் தேதி போட்டு எழுதிவைக்கப் போகிறேன். என்றைக்காவது ஒரு நாள் இது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

நான் முனைவர் பட்டம் பெற்றவன். ஐம்பதை நெருங்குகிறேன். கௌரவ விரிவுரையாளர் என்பது பதவியின் பெயர். அதில் கௌரவம் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் துறைத்தலைவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு அடுத்த வருடம் வகுப்பு. அந்தத் துறைத்தலைவர் தாணுலிங்கம். அவனும் நானும் ஒன்றாக எம்.ஏ. படித்தோம், ஒரே நெறியாளரிடம் ஆய்வு செய்தோம், ஒரே நாளில் நேர்முகத் தேர்வுக்குப் போனோம். அவனிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். என்னிடம் கூலிக் கோட்பாடுகளைப் பற்றிக் கேட்டார்கள். நான் நன்றாகவே பதில் சொன்னேன்.

நான் நடத்துவது அரசியல் பொருளாதாரம். விருப்பப் பாடம். உழைப்பது யார், விளைந்தது யாரிடம் போகிறது, எந்த நியாயத்தைச் சொல்லிக்கொண்டு போகிறது என்று கேட்கப் பழக்குவதுதான் அந்தப் பாடம். போட்டித் தேர்வுக்கு உதவாது என்று தாணு அதை எடுத்துவிடப் பார்க்கிறான்.

இன்று வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது முப்பிடாதி நின்றுகொண்டிருந்தாள். எம்.ஏ.யில் என் மாணவி. பிறகு தாணுவிடம் ஆய்வுக்குச் சேர்ந்து, பீடி சுற்றும் பெண்களின் கூலியைப் பற்றி ஆய்வேடு எழுதி, போன மாதம்தான் சமர்ப்பித்தாள்.

“சார், என் தீசிஸ் மாட்டிக்கிட்டு சார்.”

“என்ன மாட்டிக்கிட்டு?”

“திருட்டு பார்க்கிற சாஃப்ட்வேர்ல போட்டாங்களாம். நாலாவது சேப்டர் மொத்தமும் சிவப்பா வந்திருக்காம்.”

“எங்கேருந்து எடுத்தே?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“எங்கேருந்தும் எடுக்கல சார். ஹெச்.ஓ.டி. சார் பேருல ஒரு ஆர்ட்டிக்கிள் வந்திருக்கு. எனக்கே இப்பதான் தெரியும். அது என் சேப்டர் சார். தலைப்பு மட்டும்தான் வேற.”

வீட்டுக்கு வந்தால் மோட்டார் ஓடவில்லை. தொட்டி காலி.

மார்ச் 6, வியாழன்

மெக்கானிக் இன்றும் வரவில்லை. மனைவி வடிவு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போகும் முன் பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுவந்தாள். நானும் கொண்டுவந்தேன். முதுகு வலி.

அந்த நான்காம் அத்தியாயம் எனக்குத் தெரியும். படித்ததில்லை. கேட்டிருக்கிறேன்.

துறையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆய்வு மாணவர்கள் தங்கள் அத்தியாயத்தை வாய்விட்டு வாசிக்கும் வழக்கம் உண்டு. டீயும் வடையும் வரும். யாரும் குறிப்பெடுப்பதில்லை. ஆசிரியர் ஒருவர் தலைமை தாங்க வேண்டும். மற்றவர்கள் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதால் எப்போதும் நான்தான். முப்பிடாதி வாசித்தது ஆவணி மாதம், இரண்டு வருடத்துக்கு முன்பு. தாணுவின் கட்டுரை வந்தது அதற்குப் பிறகு.

பீடி சுற்றும் பெண்கள் ஏஜெண்டு கடையில் இலையும் தூளும் வாங்கி, வீட்டில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அங்கே பார்ப்பவர் சரியில்லை என்று சிலவற்றைத் தனியே எடுத்துப் போடுவார். அதற்குக் கழிவு என்று பெயர். கழிவுக்குக் கூலி கிடையாது. ஆனால் அதைத் திருப்பிக் கொடுப்பதும் கிடையாது. முப்பிடாதி எழுப்பிய கேள்வி, அந்தக் கழிவு எங்கே போகிறது என்பது. லேபிள் ஒட்டி விற்பனைக்குத்தான் போகிறது என்று காட்டினாள். ஒரே பெண், ஒரே கை, ஆனால் சரக்கு தேங்கும் மாதங்களில் மட்டும் கழிவு கூடுகிறது. ஆகவே அது தரம் பார்ப்பது அல்ல, கூலியைப் பிடித்துக்கொள்ளும் வழி என்றாள்.

தாணு வடையை மென்றுகொண்டே, “இது ஆராய்ச்சியாம்மா? கடை வாசல்ல பொம்பளைங்க ஏசுறதைக் கேட்டு எழுதிட்டு வந்திருக்கே. இந்த வாதத்தை எடுத்துரு. எடுபடாது” என்றான்.

“ஏசுறதை எழுதல சார். எடுத்துப் போடுறதை எழுதியிருக்கேன். எங்க அம்மாகூட நானும் வரிசைல நின்னுருக்கேன்.”

“உங்க அம்மா உனக்குக் கோ-கைடா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தாளைக் கீழே வைக்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொன்னாள். தாணுவுக்கு முன்னால் ஒருவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் ஆய்வேட்டின் நன்றியுரையைப் பார்த்தேன். தாணுவுக்கு ஒரு முழுப் பத்தி. பிறகு ‘துறையின் பிற ஆசிரியர்களுக்கும்’. அந்தப் பிறரில் நான் ஒருவன்.

மார்ச் 11, செவ்வாய்

விசாரணைக் குழு போட்டுவிட்டார்கள். முப்பிடாதி வீட்டுக்கே வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“உன் கம்ப்யூட்டர்ல ஃபைல் இருக்கும்லா? தேதியோட?” என்று கேட்டேன்.

“இருக்கு சார். காட்டினேன். ‘நான் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு டைப் அடிச்சுது, அப்போ ஃபைல் அதுகிட்டதானே இருக்கும்’னு ஹெச்.ஓ.டி. சார் எழுதிக் குடுத்துட்டாங்க.”

டைப் அடித்த பெண். அவன் மூளை எனக்குத் தெரியும். இப்படித்தான் வேலை செய்யும்.

“அன்னைக்கு செமினார்ல இருந்தவங்க யாராவது வந்து சொன்னாப் போதும்ங்காங்க. எடுபடாது, எடுத்துருன்னு அவரே சொன்னாருன்னு. அவரோட வாதம்னா அவரே எடுக்கச் சொல்லுவாரா சார்?”

“மத்தவங்க?”

“ரெண்டு பேரு அவரு சிபாரிசுல வேலைக்குப் போயிட்டாங்க. சுடலைக்கண்ணு இன்னும் அவருகிட்டதான் பண்ணுதான். காலைப் பிடிக்காத குறையா என்னை விட்டுருங்கிறான்.” பிறகு கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள். “நீங்கதான் சார் தலைமை. நீங்க சொன்னா யாரும் இல்லன்னு சொல்ல முடியாது.”

வடிவு காபி கொண்டுவந்து வைத்தாள். முப்பிடாதி குடித்து முடித்தாள்.

“பார்க்கலாம்மா” என்றேன்.

அவள் எழுந்து கும்பிட்டாள். பார்க்கலாம் என்பதை அவள் சரி என்று எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மார்ச் 14, வெள்ளி

மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். காயில் கம்பி எரிந்துவிட்டதாம்.

மார்ச் 17, திங்கள்

தாணு கூப்பிட்டனுப்பினான். மாதக்கணக்காக என் முகத்தைப் பார்க்காதவன், இன்று எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“என்னவே கோமதி, ஆளே மெலிஞ்சுட்டீரு. வீட்டுல சாப்பாடு போடுதாங்களா இல்லையா?”

“வீட்டுல தண்ணி வரல.”

“இங்க மட்டும் வருதாக்கும்.” அவனே சிரித்துக்கொண்டான். பியூனை அனுப்பி டீ வரவழைத்தான். “நம்ம டிப்பார்ட்மெண்ட்டுல ஒரு பெர்மனெண்ட் இடம் வரும்போல இருக்குவே. வயசுத் தளர்வும் இருக்கும்ங்காங்க. நம்ம செட்டுல நீரு ஒருத்தருதான் மிச்சம். எனக்கும் அது உறுத்தலாத்தான் இருக்கு.”

நான் டீயைக் குடித்தேன்.

“உம்ம பேப்பரையும் எடுத்துரணும்ங்கான் போர்டுல. நான்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன். அரசியல் பொருளாதாரம் இல்லாம என்ன பொருளியல், சொல்லும்?”

முப்பிடாதி பெயரை அவன் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போது தோளில் கையைப் போட்டு வாசல் வரை வந்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் வராந்தாவில் மாணவர்கள் நின்றார்கள். மாணவர்கள் முன்னால் அநாகரிகமாக நடந்துகொள்வது என் பழக்கம் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போனேன். அங்கே கண்காணிப்பாளர் ஆறுமுகநயினார் எனக்குத் தெரிந்தவர். பொதுவாகக் கேட்பதுபோல, ஒரு விஷயத்தைக் குழுவுக்கு எழுத்தில் அனுப்பலாமா என்று கேட்டேன்.

“அனுப்பலாம் சார். பேரு, பதவி, கையெழுத்து வேணும். நேர்ல வந்தா இன்னும் நல்லது.”

“பேர் போடாம வந்தா?”

“மொட்டைக் கடுதாசியா? அதை ஃபைல்லகூட சேர்க்கமாட்டோம். தூரத்தான் போடுவோம்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்தார். “ஆனா படிச்சுட்டுத்தான் சார் தூரப் போடுவோம். யார் எழுதியிருப்பான்னு சாயங்காலம் வரைக்கும் அதே பேச்சா இருக்கும். அது ஒரு பொழுதுபோக்கு.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இருபத்தெட்டாம் தேதி விசாரணை சார்” என்றும் சேர்த்துக்கொண்டார். நான் அதைக் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

விடைத்தாள் திருத்தும் வேலை. ‘உபரி மதிப்பு என்றால் என்ன’ என்ற கேள்விக்கு ஒரு பையன், ‘மீதி வரும் மதிப்பு, அதை முதலாளி பத்திரமாக வைத்துக்கொள்வார்’ என்று எழுதியிருக்கிறான். அரை மார்க் போட்டேன்.

சாப்பிடும்போது வடிவு கேட்டாள். “அந்தப் பிள்ளைக்காகப் போறீங்கள்லா?”

“போகாம?”

“அப்போ ஏன் சோத்தைப் பிசைஞ்சுகிட்டே இருக்கீங்க?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. இவ்வளவு வருஷம் கழிச்சு ஒரு இடம் வருது. உள்ளே போயிட்டா நான் எதையும் தைரியமாப் பேசலாம். வெளியே நிக்கிறவன் பேச்சுக்கு என்ன மதிப்பு?”

“இப்பவும் இதைத்தான் சொல்லுதீங்க, கல்யாணம் ஆன புதுசுலயும் இதைத்தான் சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

அவளுக்கு என் மேல் மரியாதை குறைந்துவிட்டது. அதற்கும் தாணுதான் காரணம்.

மார்ச் 27, வியாழன்

முப்பிடாதி இரண்டு முறை போன் செய்தாள். முதல் முறை வகுப்பில் இருந்தேன். இரண்டாவது முறை எடுத்தேன். “காலைல பத்தரைக்கு சார். சிண்டிகேட் ஹால்” என்றாள். “சரி” என்றேன்.

வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. உடம்பெல்லாம் வலி. வடிவு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் காட்டலையே” என்றாள். அது பழைய தெர்மாமீட்டர். அவள் பள்ளிக்குக் கிளம்பிப் போன பிறகு போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. சார்ஜரைத் தேட எனக்குத் தெம்பு இல்லை.

மத்தியானம் கொஞ்சம் ரசம் சாதம் சாப்பிட்டேன். சாயங்காலம் உடம்பு தேவலை.

ஏப்ரல் 2, புதன்

ஆறுமுகநயினாரை கேண்டீனில் பார்த்தேன். நான் கேட்காமலே சொன்னார்.

“அந்தப் பிள்ள ‘கோமதிநாயகம் சார் வருவாங்க, கொஞ்சம் இருங்க’ன்னு சொல்லிச்சு சார். குழுவுல ஒருத்தருக்கு அவசரம். ஆனா உங்க ஹெச்.ஓ.டி.தான், ‘இருங்க, அவர் நேர்மையான ஆளு, சொன்னா வருவாரு, காத்திருப்போம்’னாரு. காத்திருந்தாங்க. டீ வந்து குடிச்சாங்க. பிறகும் காத்திருந்தாங்க. அந்தப் பிள்ள கதவையே பார்த்துகிட்டு இருந்துச்சு.”

தாணு சொன்ன அந்த வார்த்தையை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நேர்மையான ஆள். நான் வரமாட்டேன் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு உடம்பு சரியில்லாமல் போகும் என்று யாருக்குத்தான் முன்பே தெரியும்?

ஆய்வேட்டை நிராகரித்துவிட்டார்கள். பதிவை முழுவதும் ரத்து செய்யாமல் இரக்கம் காட்டியிருக்கிறார்களாம். வேறு நெறியாளரிடம் வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்கலாம். அதற்கு அவள் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இனி இது பற்றி நேராகவோ, மறைவாகவோ, வேறு பெயரிலோ, பெயர் இல்லாமலோ எந்தப் புகாரும் போகாது என்றும் உறுதி தர வேண்டும். மீறினால் பதிவு ரத்து. பிறகு எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது.

“பேர் இல்லாம போனா அவதான்னு எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டேன்.

“வேற யாரு சார் இருக்கா அவளுக்கு?” என்றார் நயினார்.

ஏப்ரல் 4, வெள்ளி

மோட்டார் வந்துவிட்டது. தொட்டி நிறைந்தது.

ஏப்ரல் 9, புதன்

ஆய்வு மாணவர் அறையில் அவள் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். நான் அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. திரும்பிவிட நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

“உடம்பு எப்படி இருக்கு சார்?”

“பரவாயில்லம்மா. அன்னைக்குக் கடுமையான காய்ச்சல்.”

“வடிவு மேடம்கிட்ட கேட்டேன் சார். சொன்னாங்க.”

வடிவு என்ன சொன்னாள் என்று அவள் சொல்லவில்லை. புத்தகங்களைச் சாக்குப்பையில் அடுக்கினாள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் திறந்து தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தாள்.

“எழுதிக் குடுத்துட்டேன் சார். நான் எழுதினதை நானே திருடினேன்னு கையெழுத்து போட்டுட்டேன். அம்மாகிட்ட சொன்னேன். கழிவுல போட்டுட்டாங்களான்னு கேட்டா. ஆமாம்மா, ஆனா தூரப் போடல, அவங்களே வச்சுக்கிட்டாங்கன்னேன். அது எப்பவும் நடக்கிறதுதானேன்னுட்டா.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“நீங்க எம்.ஏ. ஃபர்ஸ்ட் இயர்ல ஒண்ணு கேட்டீங்க சார். ஞாபகம் இருக்கான்னு தெரியல. ‘வேண்டாம்னு ஒதுக்கினது எங்கே போகுதுன்னு பாருங்க, பொருளாதாரம் அங்கேதான் இருக்கு’ன்னு. அந்த ஒரு வரிலதான் நான் நாலாவது சேப்டரையே ஆரம்பிச்சேன். நன்றியுரைல உங்க பேரைத் தனியா போட்டிருந்தேன். ஹெச்.ஓ.டி. சார்தான் அடிச்சுட்டாங்க.”

வராந்தாவில் யாரோ நடந்து போனார்கள். அவர்கள் போகும் வரை காத்திருந்தாள்.

“இனிமே யாரும் எதுவும் செய்ய வேண்டாம் சார். புதுத் தலைப்பு ஒத்துக்கிட்டாங்க. நான் படிச்சு முடிச்சுடுவேன். அதுக்கு மட்டும் வழி விட்டாப் போதும்.”

“நான் என்ன செய்யப் போறேன்?” என்றேன்.

“அதான் சார்” என்றாள். சாக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். தூக்கிவிட நான் கை நீட்டியதை அவள் பார்க்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. வடிவு மாங்காய்ப் பச்சடி செய்தாள். வேப்பம்பூ அதிகம்.

ஏப்ரல் 16, புதன்

பாடத்திட்டக் குழு கூடியிருக்கிறது. அரசியல் பொருளாதாரத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வணிகத் தரவுப் பகுப்பாய்வு. நிரந்தர இடம் என்று எதுவும் வரவில்லையாம். அது வெறும் பேச்சாம். வருகிற ஜூனில் எனக்குப் பாடம் இல்லாததால் பணி நீட்டிப்புக்குப் பரிந்துரைக்க வழியில்லை என்று சுற்றறிக்கை போல ஒரு தாள் வந்தது.

தாணுவின் அறைக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டே உட்காரச் சொல்லிச் சைகை காட்டினான். உட்கார்ந்தேன். போனை வைத்துவிட்டு, “நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்வே. கேக்கமாட்டேங்கான்” என்றான்.

“அந்த அத்தியாயம் யாருதுன்னு எனக்குத் தெரியும் தாணு.”

அவன் கொஞ்சம்கூட அசையவில்லை. “தெரியும்வே. உமக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அதான் உமக்காகக் காத்திருந்தோம்லா அன்னைக்கு” என்றான். பிறகு, “ஒரு டீ சொல்லட்டா?” என்று கேட்டான்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். துணைவேந்தருக்கும், இரண்டு செய்தித்தாள்களுக்கும். இந்தக் குறிப்புகளிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் காய்ச்சல், மோட்டார் போன்றவற்றை விட்டுவிட்டேன். செமினாரில் தாணு சொன்னது, வடை, அவள் நின்று பதில் சொன்னது, அவள் அம்மாவைப் பற்றி அவன் அடித்த கேலி, கட்டுரையில் அப்படியே வந்திருக்கும் பத்திகள், எல்லாம் வந்துவிட்டன. வகுப்பில் நான் கேட்ட அந்தக் கேள்வியையும் சேர்த்தேன். இத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றில் இதுதான் நன்றாக வந்திருக்கிறது.

பள்ளியிலிருந்து வந்த வடிவிடம் படிக்கக் கொடுத்தேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே படித்தாள். கடைசித் தாளைத் திருப்பி அடியில் பார்த்தாள்.

“பேரு எங்கே?”

“போடல.”

“இப்பதான் உங்களுக்கு வேலை இல்லைனு ஆயிடுச்சே. இனிமே என்ன பயம்?”

“பயமா? பாக்கிச் சம்பளம் வரணும், அனுபவச் சான்றிதழ் வாங்கணும். உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“இதைப் படிச்சா அந்தப் பிள்ள எழுதின மாதிரியே இருக்கு” என்றாள்.

உள்ளிருந்து பார்த்தவன் எழுதியதுபோல இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

“அவதான் எழுதினான்னு சொல்லுவாங்க. அவளைத் தூக்கிருவாங்க. வேண்டாம்னு அவ உங்ககிட்ட கேட்டுக்கிட்டாள்லா?”

“உண்மை யாருக்கும் கட்டுப்பட்டு இருக்காது வடிவு. ஒருத்தியோட வசதிக்காக இவ்வளவு பெரிய அநியாயத்தை மூடி வைக்க முடியுமா?”

“அப்போ உங்க பேரைப் போடுங்க.”

அவள் தாள்களை மேசையில் வைத்துவிட்டு, பேனாவை எடுத்து அதன் மேல் வைத்தாள். பிறகு உள்ளே போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் நன்றாக வருகிறது.

அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போட்டால் சொந்த ஏமாற்றத்தில் எழுதினான் என்று தாணு சொல்வான். வேலை போன பிறகு வந்த வீரம் என்பான். விஷயம் திசைமாறிப் போகும். பெயர் இல்லாவிட்டால் விஷயம் மட்டும் நிற்கும். தூரப் போடும் முன் படிப்பார்கள் என்று நயினாரே சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வரை பேசுவார்களாம். பேசட்டும்.

பேனாவை மூடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தாள்களை மூன்று உறைகளில் போட்டு ஒட்டியாகிவிட்டது. அனுப்புநர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இங்குள்ள தபால்பெட்டியில் போட்டால் முத்திரையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். காலையில் பஸ் ஏறிப் போய் ஜங்ஷன் ரயில் நிலையத்து ஆர்.எம்.எஸ். தபால்பெட்டியில் போடப் போகிறேன். முப்பிடாதியின் ஊர்க்காரர்கள் தபால் போடுவதும் அங்கேதான்.